வழியா, வலியா?



நம் நாட்டுத் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனை தொடங்கியதும் முன்புறத்து வெண்திரையில் பாடல் வரிகள் தோன்றுகின்றன. பாடல் தமிழ், எழுத்தோ உரோமன் எழுத்து. ஏன் என்று கேட்டால், இளையோருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவர்கள் சபையை விட்டுப் போய்விடக் கூடாது, ஆகவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். கேட்பதற்கு அன்பின் மிகுதி போலவே இருக்கிறது. நான் அப்படிக் கருதவில்லை. நம் பிள்ளைகளின் ஆவிக்குரிய வளர்ச்சிக்குக் குறுக்கே நாமே எழுப்பும் சுவர் இது என்பதே என் துணிபு. மனத்தாங்கல் ஏற்படுமே என்று பலரும் இதைப் பேசாமல் இருக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகள் பேசாதிருந்தால், தமிழில் பேசினாலும் விளங்கிக்கொள்ள ஆளிருக்காது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சபையின் ஞாயிறு பள்ளியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனிடம், இயேசு தம்மைப் பற்றி என்னவென்று சொன்னார் என்று கேட்டேன். யோவான் 14ஆம் அதிகாரத்து வசனம் ஒன்றை அவன் அந்த வாரம் மனனம் செய்திருந்தான். புலனக் குழுவில் உரோமன் எழுத்தில் அனுப்பப்பட்ட வசனம் அது. "வலி, டீச்சர்" என்றான். வலி என்றால் என்ன என்றேன். "சாக்கிட்" என்று மலாயில் பொருள் சொன்னான். பக்கத்திலிருந்த சிறுமி சிரித்தாள். அவனோ சற்றும் தயங்கவில்லை. "சிலுவையில அவருக்கு ரொம்ப வலிச்சுச்சு. அதனால அவர்தான் வலி" என்றான்.

வழி வலியாகிவிட்டது. அச்சிறுவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் கையில் கொடுக்கப்பட்ட தவறான சொல்லிலிருந்து தன்னால் இயன்ற அளவு ஒரு பொருளைக் கட்டி எழுப்பியிருக்கிறான். சிந்திக்கத் தெரிந்த பிள்ளை. அவனுக்குச் சரியான சொல்லைக் கொடுக்காதவர்கள் நாம்.

இது ஒரு சொல்லோடு நிற்பதன்று. உரோமன் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. ஒளியும் ஒலியும் ஒழியும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கின்றன. கிறிஸ்துவை ஒளி என்று பாடுகிறானா, ஒழியச் சொல்கிறானா என்பது வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. பலியும் பழியும் ஒன்றாகிவிடுகின்றன. கிறிஸ்தவ விசுவாசத்தின் நடு மையத்தில் நிற்கும் சொல் பலி. அதற்கும் பழிக்கும் உள்ள வேறுபாடுதானே நற்செய்தி? எழுத்தில் அந்த வேறுபாட்டை அழித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு எதைப் போதிக்கப் போகிறோம்?

வரலாற்றைப் புரட்டினால் நாம் எவ்வளவு பின்னோக்கிப் போயிருக்கிறோம் என்பது விளங்கும். 1554ஆம் ஆண்டு போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் ஒரு சிறு நூல் அச்சானது. கார்த்தில்யா என்று அதைக் குறிப்பிடுவார்கள். ஜெபங்களும் விசுவாசப் பாடமும் அடங்கிய தமிழ் நூல். ஆனால் தமிழ் எழுத்து வார்ப்பு அப்போது இல்லாததால் உரோமன் எழுத்திலேயே தமிழை அச்சடித்தார்கள். வேறு வழியில்லை. அதற்குப் பின் 24 ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் போர்ச்சுக்கீசியக் குருவானவர் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. பிள்ளைகளுக்கும் எளியோருக்கும் விசுவாசத்தைக் கற்பிக்கும் வேதபாட நூல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத அந்த மனிதர், தமிழருக்குத் தமிழ் எழுத்தில்தான் விசுவாசத்தைக் கொடுக்க வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே அச்செழுத்து வார்க்கச் செய்தார். நாமோ கைப்பேசியைத் தொட்டாலே தமிழ் எழுத்து வந்து நிற்கும் இந்தக் காலத்தில் 1554க்குத் திரும்பிப் போகிறோம்.

இனி விஷயத்தின் உட்பகுதிக்கு வருகிறேன். வெண்திரை ஓர் அறிகுறி மட்டுமே. நோய் வீட்டில் இருக்கிறது.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று சபைகளில் அடிக்கடி பேசுகிறோம். ஒரு பிள்ளையிடம் அது எங்கே நடக்கிறது? என் பணி அனுபவத்தில் பார்த்தவரை, அது பிள்ளை கேட்கும் கேள்வியில் நடக்கிறது. தாத்தா குணமாக வேண்டும் என்று நான் ஜெபித்தேனே, ஏன் இறந்துபோனார் என்று ஒரு பிள்ளை கேட்கும். என்னை அடித்தவனை நான் ஏன் மன்னிக்க வேண்டும் என்று இன்னொன்று கேட்கும். இவை பாடவேளையில் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. இரவு படுக்கப் போகும்போது, அம்மா துணி மடிக்கும்போது, அப்பாவின் பின்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போகும்போது கேட்கப்படுபவை. உபாகமம் 6ஆம் அதிகாரம் இதைத்தான் பெற்றோருக்குக் கட்டளையாகத் தருகிறது. வீட்டிலும் வழியிலும், படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளோடு பேசும் கடமை அங்கே போதகருக்கோ ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கோ சொல்லப்படவில்லை, பெற்றோருக்குச் சொல்லப்பட்டது.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். தகப்பனும் தாயும் தங்களுக்குள் தமிழில் பேசுகிறார்கள், தமிழில் சண்டையிடுகிறார்கள், தமிழில் ஜெபிக்கிறார்கள். பிள்ளையைத் தேசியப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், அங்கே மலாய். ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஆராதனையின் ஞாயிறு பள்ளியில் விட்டுவிட்டு, தாங்கள் தமிழ் ஆராதனைக்குப் போகிறார்கள். பதினொரு மணிக்கு வந்து பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். இன்று என்ன படித்தாய் என்று தகப்பன் கேட்கிறார். பிள்ளை ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்கிறது. தகப்பன் தலையாட்டுகிறார். அதோடு முடிந்தது அந்த வாரத்து விசுவாசப் பேச்சு.

அந்தத் தகப்பனுக்கு விசுவாசம் இல்லையா? நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் விடியற்காலை எழுந்து முழங்காலில் நிற்பவர். ஆனால் தம் விசுவாசத்தைத் தம் மகளுக்குக் கொடுக்க அவரிடம் மொழி இல்லை. வாங்கிக்கொள்ள அவளிடமும் மொழி இல்லை. அவருடைய ஆங்கிலம் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் பேசுமளவே போதும். அவளுடைய தமிழ் பசிக்கிறது, வேண்டாம், காசு கொடு என்பதோடு தீர்ந்துவிடும். இருவருக்கும் நடுவே ஓர் ஆறு. அதில் பாலம் கட்டும் வேலையை ஞாயிறு பள்ளி வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் செய்துவிடும் என்று நம்புகிறோம்.

கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியும், டீச்சர் என்று என்னிடம் சிலர் சொல்வதுண்டு. தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே கேள்வி கடவுளுடைய செவியைப் பற்றியதன்று, பிள்ளையினுடைய நாவைப் பற்றியது. மாற்கு தம் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதினார். ஆயினும் 5ஆம் அதிகாரத்தில், இறந்துபோன ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்து இயேசு எழுப்பிய இடம் வரும்போது, அவர் சொன்ன அரமேயச் சொற்களை அப்படியே நிறுத்தி, பிறகு பொருள் எழுதுகிறார். அச்சிறுமியின் வீட்டு மொழி அது. அந்த வீட்டில் அவளை எழுப்ப அவளுடைய அம்மா காலைதோறும் என்ன மொழியில் கூப்பிட்டிருப்பாளோ அதே மொழியில் அவர் கூப்பிட்டார். மாற்கு அதை மொழிபெயர்ப்போடு விட்டுவிட மனமில்லாமல் மூலச் சொல்லையே காத்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு, தமிழராகிய நமக்கு வாய்த்தது. இயேசு தந்தையை அழைத்த அரமேயச் சொல் அப்பா. மாற்கு 14, ரோமர் 8, கலாத்தியர் 4 ஆகிய மூன்று இடங்களில் அது அப்படியே நிற்கிறது. ஆங்கில ஆராதனையில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் பிரசங்கியார் நின்று, இது ஒரு குழந்தை தன் தகப்பனை நெருக்கமாக அழைக்கும் சொல் என்று விளக்கம் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைக்கு எந்த விளக்கமும் வேண்டாம். அன்று காலையில்தான் அந்தச் சொல்லைச் சொல்லிக் காலணி மாட்டிவிடச் சொல்லியிருக்கும்! இப்படிப்பட்ட செல்வத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, விளக்கவுரை தேவைப்படும் இடத்திற்கு நம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறோம்.

வீட்டில் உண்மையாகவே ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலத்தில் விசுவாசத்தில் வளரட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. நான் பேசுவது தோட்டத்திலிருந்து வந்த நம் குடும்பங்களைப் பற்றி.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் பழைய வாழ்க்கையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். லயத்தில் நான்கு வீடு, ஐந்து வீடு இருக்கும். போதகர் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. இடையில் உபதேசியார் வருவார். மழை பெய்தால் அவரும் வரமாட்டார். ஆகவே மாலை விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் வீட்டிலேயே நடந்தது. பால்மரம் வெட்டிய கையோடு தகப்பன் வேதத்தைப் பிரிப்பார். வாசிக்கத் தெரியாத தகப்பனாக இருந்தால், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வாசிக்கும். கவனியுங்கள்: பிள்ளை வாசிக்கும், பெரியவர் விளக்குவார். தமிழ்ப்பள்ளி எழுத்தைக் கொடுத்தது. வீடு பொருளைக் கொடுத்தது. போதகர் இல்லாமலே ஒரு தலைமுறை விசுவாசத்தில் நிலைத்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்கு வந்து சேர்ந்தபோது சபை அருகில் வந்தது, போதகர் அருகில் வந்தார், வெண்திரையும் வந்தது. குடும்ப ஜெபம் போய்விட்டது.

தெமியாங்கில் ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் காலமானார். தோட்டத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். மூன்றாம் நாள் ஜெபத்திற்குச் சென்றிருந்தபோது அவருடைய மகள் ஒரு வேதாகமத்தை என்னிடம் கொடுத்து, ஓரத்தில் அம்மா என்னவோ எழுதி வைத்திருக்கிறார், படித்துச் சொல்லுங்கள் என்றார். அந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர், பட்டதாரிகள் இருவர். ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை. மகள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்; ஆனால் பென்சிலால் எழுதிய பழைய கையெழுத்து அவருக்கு எட்டவில்லை.

நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். பிள்ளைகள் பிறந்த நாள்கள் இருந்தன. 121ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் 1969 மே மாதத்துத் தேதி ஒன்று. கோலாலம்பூரில் வேலையிலிருந்த மூத்த மகன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததாக ஒரு வரி. யோபுவின் ஓரத்தில் பெயரில்லாமல் ஒரு தேதி மட்டும் இருந்தது. அது பிறந்த அன்றே இறந்துபோன ஒரு குழந்தையின் தேதி என்று மகள் சொன்னார். பிலிப்பியர் நிருபத்தில், ஒரு பேரன் பெயரை எழுதி, பரீட்சை என்று எழுதி, பிறகு வேறு மையில் நன்றி என்று எழுதியிருந்தது. அந்தப் பேரன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஆறடி வாலிபன். பாட்டி தன் பெயரை வேதத்தில் எழுதி ஜெபித்தார் என்பதை அவர் இறந்து மூன்றாம் நாள், ஓர் ஆசிரியை வாசித்துத்தான் அவன் அறிந்தான்.

அந்த ஓரக் குறிப்புகளைவிடச் சிறந்த ஞாயிறு பள்ளிப் பாடநூல் அக்குடும்பத்துக்கு எங்கிருந்து கிடைக்கும்? முப்பது ஆண்டாக அது மேசையின் மேல் இருந்திருக்கிறது.

இங்கே பெற்றோர் பலர் என்னிடம் மறுத்துப் பேசுவது எனக்குத் தெரியும். "டீச்சர், தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை நம் விசுவாசத்தை இழந்துவிடும்; காலைச் சபைகூடலில் தேவாரம் பாடுகிறார்கள், சரஸ்வதி பூசை செய்கிறார்கள்" என்பதே அது. இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர்தாம். ஒரு வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை என்ற நிலை அடிக்கடி ஏற்படும். எல்லாரும் கைகூப்பிக் கண்மூடி நிற்கையில் தான் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் ஓரக்கண்ணால் பார்க்கும் பிள்ளையை நான் கண்டிருக்கிறேன்.

ஆயினும் இந்த அச்சத்துக்கு மருந்து தமிழை விட்டு ஓடுவதன்று. பக்கத்துப் பிள்ளை தேவாரம் பாடுவதைக் கேட்டதால் கரைந்துபோகும் விசுவாசத்தை வேறு எந்தப் பள்ளி காப்பாற்றிக் கொடுக்கும்? வீட்டில் வேர் பிடித்த பிள்ளை பிறர் ஜெபிக்கும்போது மரியாதையோடு நிற்கக் கற்றுக்கொள்ளும். தன் ஜெபத்தைத் தன் மனத்தில் சொல்லிக்கொள்ளும். அதுவே ஒரு வளர்ச்சி.

என் உடன் பணியாற்றும் இந்து ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். தமிழ்ப்பள்ளி தமிழர் அனைவருக்கும் உரியது. திருமுறை பாடுவதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை; அதன் தமிழை நானும் நேசிக்கிறேன். ஆனால் நெற்றியில் திருநீறு இல்லாத பிள்ளையைப் பார்த்து நீ தமிழனா என்று விளையாட்டாகக் கூடக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டதனால் பள்ளி மாற்றப்பட்ட பிள்ளைகளை நான் அறிவேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியின் நிர்வாகத்தினர் இஸ்லாம் அல்லாத சமயக் கல்விக்கு ஏற்பாடு செய்ய இடமளிக்கிறது. அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தைப் பயன்படுத்தலாகாது. தன் சமயம் அல்லாத வேறொரு சமயப் போதனையில் பிள்ளை கலந்துகொள்ளப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். சட்டம் இத்தனை தெளிவாக இருக்கையில் பெற்றோரும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து பேசினாலே முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். பேசுவதற்கு முன்பே பள்ளி மாற்றுப் படிவத்தைக் கேட்கும் பெற்றோர்தாம் அதிகம்.

தமிழ் இந்துக்களின் மொழி, கிறிஸ்தவனுக்கு ஆங்கிலம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கத்தையே பாருங்கள். 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு இலவசப் பள்ளியைத் தொடங்கியவர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். அப்பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பைத் தொடக்கமாகக் கொண்டுதான் 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். சிரம்பானில் கான்வென்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. காப்பாரில் மெதடிஸ்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெயர்ப்பலகையே சாட்சி சொல்கிறது.

1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திக் காட்டிய தனிநாயகம் அடிகள் யார்? யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவானவர்; மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தவர். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதியை அதே 1966இல் கோலாலம்பூரிலிருந்து மீண்டும் வெளியிட்டவரும் அவரே. முன்னே சொன்ன லிஸ்பன் நூலைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள்ளும் அவர் முக்கியமானவர். ஒரு குருவானவர் தமிழுக்காக ஐரோப்பிய நூலகங்களின் படிகளில் ஏறி இறங்கினார். அவருடைய மந்தையின் பேரப்பிள்ளைகளுக்கு அவர் பெயரைத் தமிழில் வாசிக்கத் தெரியாது.

ஆசிரியர்கள் என்ற முறையில் நமக்கு நெருக்கமானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவரைப் பாடல் ஆசிரியராக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் தஞ்சையில் பள்ளி நடத்திய ஆசிரியர். குறி சொல்லும் குறத்தியின் நாட்டுப்புற வடிவத்தை எடுத்துப் 'பெத்தலகேம் குறவஞ்சி' எழுதினார். அதில் கிறிஸ்து பிறப்போடு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் புதிய வானியலையும் பாடமாக்கினார். பிள்ளைகளின் காதுக்குப் பழகிய தாளத்தில் விசுவாசத்தையும் அறிவையும் ஒருசேர ஊட்டினார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுத்துப் பழகினார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மானியர் ஒருவர் மணலில் உட்கார்ந்து கற்றதை நம் பிள்ளைகள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கற்க முடியாது என்கிறோம். கிருஷ்ணபிள்ளையைப் பற்றியும் எழுத ஆசைதான். 'இரட்சணிய யாத்திரிகம்' தனிப் பதிவுக்குரியது.

பெற்றோரை மட்டும் கடிந்துகொண்டு சபைகளை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, நன்றாகத் தமிழ் வாசிக்கும் பிள்ளை, ஞாயிறு பள்ளிக்கு வந்து வேதாகமத்தைத் திறக்கிறது. வகுப்பில் நாம் மன்னிப்பு, மீட்பு, தூய்மை என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம். அங்கே கிருபாசனம், பிராயச்சித்தம், நியாயப்பிரமாணம் என்று நிற்கிறது. பிள்ளை விழிக்கிறது. பெரியவர்களுக்குக் காதில் ஊறிப்போன அந்த நடை எனக்கும் இனிமையே. என் ஜெபமும் அதில்தான் வருகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தமிழை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் விளக்கமின்றிக் கொடுத்துவிட்டு, தமிழ் கடினம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? கடினம் தமிழில் இல்லை. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இலேயே வெளிவந்துவிட்டது. பள்ளித் தமிழ் படித்த பிள்ளை அதைத் தட்டுத்தடங்கலின்றி வாசிக்கும். சில மூப்பர்கள் அதைக் கையில் எடுக்கவே தயங்குகிறார்கள். கர்த்தர் என்ற இடத்தில் ஆண்டவர் என்று இருப்பதால் விசுவாசம் குறைந்துவிடுமா? இதே மூப்பர்கள் ஆங்கிலத்தில் நான்கைந்து மொழிபெயர்ப்புகளை மாற்றி மாற்றி வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வசனப் போட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பரிசுக் கோப்பைக்காகப் பிள்ளைகள் ஒரு மூச்சில் பத்து வசனம் ஒப்பிக்கின்றன. மேடையில் கைத்தட்டல், பெற்றோர் கைப்பேசியில் படம். மறுவாரம் கேட்டால் ஒன்றும் இல்லை. மனனம் தீதன்று, நம் மரபே மனன மரபுதான். ஆனால் பொருள் அறியாத மனனத்துக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தைப் பள்ளியில் நாமே கைவிட முயன்றுகொண்டிருக்கையில், சபை அதை ஏன் தூக்கிப் பிடிக்கிறது? பத்து வசனத்துக்குப் பதில் ஓர் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட குமாரனின் கதையில் அண்ணன் ஏன் வீட்டுக்குள் வர மறுத்தான் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தம்பிகள் உள்ள பிள்ளைகள் எப்படி எழுந்து பேசுகின்றன என்று பாருங்கள்!

சபைப் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிதன்று. திரையில் உரோமன் எழுத்தை இன்றே எடுத்துவிடுங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். மேலே தமிழ் எழுத்து, கீழே உரோமன் எழுத்து என்றாவது போடுங்கள். ஞாயிறு பள்ளியின் முதல் பதினைந்து நிமிடத்தைத் தமிழ் எழுத்துக்கு ஒதுக்குங்கள். அந்தந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரை அழையுங்கள். வேறு சமயத்தவராக இருந்தாலும் எழுத்துக் கற்பிக்க மனமுவந்து வருவார்கள். என் பள்ளித் தோழி ஒருவர், நாள்தோறும் கோயிலுக்குப் போகிறவர், நம் பிள்ளைகள் மூவருக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்து வேதம் வாசிக்க வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கிறிஸ்மஸ் ஆராதனையில் லூக்கா 2ஆம் அதிகாரத்தை வாசித்தபோது அவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ழகரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

தெமியாங்கில் நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு ஒரு வீட்டில் கூடுகிறோம். பிள்ளைகள் முறைவைத்து வாசிப்பார்கள், பெரியவர்கள் விளக்குவார்கள், பிள்ளைகள் கேட்பதற்கு அன்றைக்கே பதில் சொல்ல முடியாவிட்டால், அடுத்த வாரம் சொல்கிறோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். சென்ற வாரம் ஒரு சிறுவன், வலைகளை அப்படியே விட்டுவிட்டுப் பேதுரு போய்விட்டாரே, அன்றைக்குப் பிடித்த மீனை யார் விற்றார்கள் என்று கேட்டான். அவனுடைய தகப்பனார் சந்தையில் மீன் விற்பவர். அவரே பதில் சொல்லத் தொடங்கி, இருபது நிமிடம் பேசினார். பெரிய எழுத்துத் திருவிவிலியம் இரண்டு படிகள் இருக்கின்றன. பிள்ளைகள் ஏழு பேர் ஆகிவிட்டதால் இன்னும் இரண்டு படிகள் தேவைப்படுகின்றன. வீட்டில் வைத்திருப்பவர்கள் தந்துதவினால், பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள்.